முப்பத்தொரு குறியீடுகள்

அழகுமுத்துவின் கைப்பேசிக்கு ஒவ்வொரு நாளும் காலை ஆறரைக்கு வருகிற செய்தி முன்பெல்லாம் எட்டு வரி நீளமாக இருக்கும். "கல்லுமலைப் பிரிவு ஏழாம் இலக்க லயத்தின் பின்பக்கச் சரிவில் மண் நன்றாக ஊறியிருக்கிறது" என்று தொடங்கி, யாரை முதலில் கீழே இறக்க வேண்டும், எந்தப் பாதையில் போகக் கூடாது, யாருக்குத் தொலைபேசி எடுக்க வேண்டும் என்பது வரை சொல்லும். சித்திரை மாதம் முதல் அது "7 / 14 / பா" என்று வரத் தொடங்கியது.

ஏழு என்பது தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் இலக்கம். பதினான்கு என்பது லயத்திலிருக்கும் குடும்பங்களின் எண்ணிக்கை என்று அழகுமுத்து நினைத்தார். சரியாகப் பதினான்கு குடும்பங்கள்தான் இருந்தன. மறுநாள் இருபத்திரண்டு என்று வந்தபோது, எட்டுக் குடும்பங்கள் எப்போது குடிவந்தன என்று அவருக்குக் குழப்பமாக இருந்தது. ஒரு வாரம் கழித்து அரைத்தாளில் விளக்கம் வந்தது. நடுவில் இருப்பது அபாய எண். அது நூற்றைத் தாண்டினால் "அ", அதாவது அபாயம். தாண்டாவிட்டால் "பா", பாதுகாப்பு. விளக்கத்தின் அடியில், இதுவே கடைசி விளக்கம் என்றும் இருந்தது.

அனுப்புவது நுவரெலியாவில் பழைய துரை பங்களா ஒன்றில் இயங்கும் சரிவு எச்சரிக்கைச் செயலகம். முந்திய வருடத்துப் பெருமழையில் மலைநாட்டின் பல இடங்களில் மண் சரிந்த பிறகு அதைத் திறந்தார்கள். தேயிலை ஃபெக்டரியில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்ந்திருந்த அழகுமுத்துவுக்கு ஒரு தொப்பியும் ஒரு மழைமானியும் கொடுத்தார்கள். அவர் காலை ஆறு மணிக்கு மழையை அளந்து அனுப்புவார். ஆறரைக்கு அங்கிருந்து எல்லோருடைய கைப்பேசிக்கும் பதில் வரும். பார்த்துவிட்டு, லயத்தில் எல்லோரும் வேலைக்குப் போவார்கள்.

ஐப்பசி மழை தொடங்கியதும் அவர் ஒன்றைக் கவனித்தார். அளந்ததையும் வந்ததையும் ஒரு கொப்பியில் பக்கம் பக்கமாக எழுதி வைப்பது அவர் வழக்கம். மண் காய்ந்து கிடந்து, லேசாகத் தூறிய நாட்களில் அபாய எண் பத்து, பதினைந்து என்று இருந்தது. இரண்டு நாள் நன்றாகப் பெய்த பிறகு அது ஐந்தானது. மூன்றாம் நாளும் பெய்த பிறகு மைனஸ் முப்பது ஆனது. அன்று லயத்துக்குப் பின்னால், கோவா நட்ட காய்கறிப் பாத்திக்கு மேலே, நிலத்தில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. நான்கு நாள் கழித்து அதில் கை நுழைந்தது.

பக்கத்து வீட்டுப் பொன்னையாவிடம் கொப்பியைக் காட்டினார். பொன்னையாவிடம் ஒரு மாடு இருந்தது. லயத்துக் கோடியில் அதற்கொரு கொட்டில் போட்டிருந்தார்.

"நேத்து பேஞ்சது கூடக் கூட இன்னைக்கு நம்பர் கொறையுது பாரு," என்றார் அழகுமுத்து. "கொழுந்து நிறுக்கயில ஈரத்துக்குன்னு கழிப்பாங்கல்ல, அந்த மாதிரி எவனோ நேத்து மழைய கழிக்கிறான்."

"அம்புட்டுப் பெரிய ஆபீசுல கழிக்கிறதா கூட்டுறதான்னு தெரியாமயா இருப்பாங்க?"

"தெரிஞ்சா சரி. ஒருக்கா கேட்டுட்டு வந்துர்றேன்."

செயலகத்தின் வாசலில் முன்பு மும்மொழியில் நீண்ட பெயர்ப்பலகை இருந்தது. இப்போது "ச" என்று மட்டும் இருந்தது. சாப்பாட்டுக் கடையா சலூனா என்று இரண்டு பேர் வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே கூடத்தின் நடுச்சுவரில், ஒரு பித்தளைத் தகட்டில், ஒரேயொரு வரி வெட்டப்பட்டிருந்தது. எழுத்தா, பூவேலையா என்று சொல்ல முடியாத சின்னச் சின்ன அடையாளங்கள். மேலே ஒரு விளக்கு எரிந்தது. அதன் முன்னால் பாடசாலைப் பிள்ளைகள் வரிசையாக நிற்க, பணிப்பாளர் கலாநிதி நிரஞ்சன் பேசிக்கொண்டிருந்தார்.

"பிள்ளைகளே, மலைநாட்டு மக்களின் உயிரைக் காக்கும் கணினி நிரல் இதுதான். மொத்தம் முப்பத்தொரு குறியீடுகள். இதற்கு முன்பிருந்த நிரல் நாலாயிரத்து இருநூறு வரி. அதில் பாதி, எந்த வரி என்ன செய்கிறது என்ற குறிப்புகள். யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். வாசித்தவர்கள் எல்லோரும் கேள்வி கேட்டார்கள். கடிதம் எழுதினார்கள். இந்த நிரல் வந்து ஏழு மாதமாகிறது. இதுவரை ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒரு நிரல் சரியானது என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?"

பிள்ளைகள் கைதட்டினார்கள். ஆசிரியையும் தட்டினார். அழகுமுத்துவும் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினார். பிறகு மனு வாங்கும் கருமபீடத்துக்குப் போய், தனக்கு ஒரு கேள்வி இருக்கிறது என்றார்.

கருமபீடத்திலிருந்தவர் நல்ல மனிதர். "எழுதிக் கொடுங்க. முப்பத்தொரு குறியீட்டுக்கு மேல போகக் கூடாது. மலைக்கே அது போதும்னா உங்களுக்குப் போதாதா?" என்று ஒரு துண்டுக் காகிதம் தந்தார்.

அழகுமுத்து கொண்டுவந்திருந்த கொப்பி அறுபது பக்கம். சுவரோர மர வாங்கில் உட்கார்ந்து, பேனாவின் பின்பக்கத்தைக் கடித்து, ஒரு மணி நேரத்தில் அதை நான்கு சொல்லாக்கினார். "நேற்றைய மழையைக் கழிக்காமல் கூட்டுங்கள்." விரல் விட்டு எண்ணினார். இருபது எழுத்து. இடைவெளியைச் சேர்த்தாலும் இருபத்து மூன்றுதான்.

கருமபீடத்துக்காரர் அதைத் தட்டச்சு செய்து பார்த்தார். "முப்பத்தெட்டு வருது, ஐயா."

"நான் எண்ணுனா இருபத்து மூணுதாங்க."

"நீங்க எண்ணுறது எழுத்த. கொம்பியூட்டர் எண்ணுறது வேற. கொம்பு தனி, கால் தனி, புள்ளியும் தனி. ஏழு கூடிப்போச்சு." அவர் குனிந்து பார்த்து முகம் மலர்ந்தார். "உங்களுக்கு நல்ல காலம். இதுல சரியா ஏழு புள்ளி இருக்கு. எடுத்துட்டா முடிஞ்சது."

புள்ளிகளை எடுத்தார்கள். "நேறறைய மழையைக கழிககாமல கூடடுஙகள" என்று மனு பதிவேட்டில் ஏறியது. அழகுமுத்து வாங்கில் காத்திருந்தார். பகல் இரண்டு மணிக்கு உள்ளிருந்து மனு திரும்பி வந்தது. குறுக்கே சிவப்பு மையில், "வாசிக்க முடியவில்லை. நிராகரிக்கப்படுகிறது" என்று எழுதியிருந்தது.

அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு பித்தளைத் தகட்டையே பார்த்து நின்றபோது, ஒரு பெண் மெருகு டப்பாவும் துணியுமாக வந்து தகட்டைத் துடைக்கத் தொடங்கினாள். பெயர் பஸ்மிலா. தலவாக்கலையில் வாப்பாவுக்குப் பலசரக்குக் கடை. பேராதனையில் கணினி படித்துவிட்டு, நிரல் பராமரிப்பு உத்தியோகத்தராக இங்கே வந்திருந்தாள். ஏழு மாதமாகப் பராமரிப்பு என்றால் பெரும்பாலும் தகட்டைத் துடைப்பதுதான்.

"மிஸ், இது என்னான்னு உங்களுக்காச்சும் தெரியுமா?" என்று கேட்டு, அவர் கொப்பியை நீட்டினார்.

அவள் பக்கங்களைப் புரட்டினாள். முதலில் நின்றபடி, பிறகு வாங்கில் உட்கார்ந்து. துணி மடியிலேயே கிடந்தது.

"அண்ணே, இது எழுதின வெள்ளக்காரன் மூணு நாள் நிண்டு எழுதிட்டுப் போயிட்டான்," என்றாள் மெல்ல. "இங்க யாருக்கும் வாசிக்கத் தெரியா. நான் மட்டும் பகல் சாப்பாட்டு நேரத்துல களவாப் படிச்சிக்கிட்டு வாறன். நல்ல மொழிதான், பொய் சொல்லக் கூடா. இந்தா இந்த ஒரு கோடு ஈக்கே, மலைநாடு முழுக்க அளந்த மழைய ஒரே தரத்துல கூட்டிப்போடும். வேற மொழியில அதுக்கு அரைப்பக்கம் எழுதணும். தெரிஞ்ச ஆளுக்கு ஒரே பார்வையில எல்லாம் விளங்கும்."

"எனக்கும் விளங்குற மாதிரி சொல்லுங்களேன்."

அவள் அந்த மனுக் காகிதத்தின் பின்புறம் மூன்று விஷயங்களை எழுதினாள். இன்றைய மழை. அதில் வடிகால் காண் வழியாக வடிந்தது. மண்ணில் ஏற்கெனவே ஊறியது. நடுவில் ஒரு கழித்தலும் ஒரு கூட்டலும்.

"நீங்களும் நானும் இத எப்பிடிப் பார்ப்பம்? இண்டைக்குப் பேஞ்சதுல வடிஞ்சதக் கழி. பொறகு ஊறினதக் கூட்டு. இண்டைக்கு நாப்பது, வடிஞ்சது பத்து, ஊறினது அறுபது. தொண்ணூறு வரணும். ஆனா இந்த மொழி வலப்பக்கத்திலருந்துதான் கணக்குப் பார்க்கும். குர்ஆன் ஓதுறது எங்களுக்கு அந்தப் பக்கத்திலருந்துதானே, எனக்கு அது புதுசில்ல. ஆனா மத்தாக்களுக்கு..." அவள் நிறுத்தினாள். விரல் காகிதத்தின் வலது ஓரத்தில் இருந்தது. "வடிஞ்சதையும் ஊறினதையும் முதல்ல கூட்டும். பத்தும் அறுபதும் எழுபது. அத நாப்பதுலருந்து கழிக்கும்."

"மைனஸ் முப்பது," என்றார் அழகுமுத்து. கொப்பியில், நாற்பது மில்லிமீற்றர் பெய்த நாளுக்கு நேரே அதே எண் இருந்தது.

அவர் அந்த எண்ணுக்குக் கீழே பேனாவால் ஒரு கோடு இழுத்தார்.

"என்ன செய்யணும் மிஸ்?"

"ரெண்டு அடைப்புக்குறி போட்டாப் போதும்."

அவளே அவரைப் பணிப்பாளரின் அறைக்கு அழைத்துப்போனாள். நிரஞ்சன் கொப்பியைக் கையால் தொடவில்லை. ஆனால் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"பெரியவரே, நீங்கள் சொல்வதை நான் மதிக்கிறேன்," என்றார். "ஆனால் ஒன்றை யோசியுங்கள். பிழை ஒளிந்துகொள்ள இடம் வேண்டும். நாலாயிரம் வரியில் இடமிருந்தது. முப்பத்தொரு குறியீட்டில் பிழை எங்கே போய் நிற்கும்?"

"மூணாவது குறிக்கும் ஏழாவது குறிக்கும் நடுவில, சேர்," என்றாள் பஸ்மிலா.

"இரண்டு அடைப்புக்குறி சேர்த்தால் முப்பத்து மூன்றாகும். வெளிநாட்டு மாநாட்டில் முப்பத்தொன்று என்றுதான் வாசித்திருக்கிறேன். கடிதத் தலைப்பில் முப்பத்தொன்று. அமைச்சர் திறந்து வைத்த தகட்டில் முப்பத்தொன்று. இன்று ஒரு லயத்துக்காக இரண்டு போட்டால், நாளை இன்னொரு தோட்டத்தான் வந்து இன்னும் இரண்டு கேட்பான். இப்படித்தான் முன்னையது நாலாயிரம் வரியானது. ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவரின் உயிருக்காகச் சேர்த்தது என்று அதில் குறிப்பே எழுதி வைத்திருந்தார்கள். அப்படியெல்லாம் பார்த்தால் நிரல் அழகாக இருக்குமா?" அவர் பஸ்மிலாவின் பக்கம் திரும்பினார். "அது போகட்டும். நிரலை வாசிப்பது உங்களுடைய கடமைப் பட்டியலில் இருக்கிறதா?"

அவள் கையிலிருந்த மெருகுத் துணியை நான்காக மடித்தாள்.

மூன்று நாட்களில் அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. முழுதாக இரண்டு பக்கம். அந்தச் செயலகம் அந்த மாதத்தில் யாருக்கும் விடுத்த ஒரே முழுநீள எச்சரிக்கை அதுதான்.

கார்த்திகை இரண்டாம் வாரத்தில் நான்கு நாள் விடாமல் பெய்தது. நான்காம் நாள் பிற்பகலில் வெடிப்புக்குக் கீழே, யாரும் தோண்டாத இடத்திலிருந்து சேறு கலந்த தண்ணீர் கொப்பளித்தது. அழகுமுத்து வீடு வீடாகப் போனார். அவருடைய மனைவி மீனம்மாவும் பொன்னையாவின் மனைவி ராசம்மாவும் ஆளுக்கொரு பக்கம் குழந்தைகளைத் தூக்கினார்கள். கீழே பாடசாலையைத் திறக்கச் சொல்லிக் கேட்டபோது, அதிபர் தம் கைப்பேசியைக் காட்டினார். "எனக்கும் இரக்கம்தான். ஆனா 'பா'ன்னு இருக்கயில நான் தெறந்தா பதில் சொல்லணும்ல?" அதனால் பதினான்கு குடும்பங்களும் கோயில் மண்டபத்தில் ஒதுங்கின.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அழகுமுத்து நனைந்துகொண்டே மழையை அளந்தார். எண்பத்தெட்டு மில்லிமீற்றர். அனுப்பாமல் விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அளந்ததை அனுப்பாமல் இருந்து அவருக்குப் பழக்கமில்லை. அனுப்பினார். ஆறரைக்கு மண்டபத்திலிருந்த எல்லாக் கைப்பேசிகளும் ஒன்றாக ஒலித்தன.

"7 / -112 / பா."

அதுவரை எந்த இடத்துக்கும் அவ்வளவு கீழே எண் போனதில்லை. கணக்கின்படி அன்று காலை மலைநாட்டிலேயே மிகப் பாதுகாப்பான இடம் ஏழாம் இலக்க லயம்தான்.

பொன்னையா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்து, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு எழுந்தார். "மாடு ராத்திரியெல்லாம் கத்திக்கிட்டே இருந்துச்சு. அவுத்துட்டு வந்துர்றேன்."

"வேணாம் பொன்னையா. மழை கொறையட்டும்."

"பாதுகாப்புன்னு வந்திருக்கே."

"அது தப்புன்னுதான நான் படிச்சுப் படிச்சுச் சொல்றேன்."

"நீ அளந்து அனுப்புன கணக்குத்தான அது?" என்று கேட்டுவிட்டு, பொன்னையா சிரித்தார். "கா மணி நேரம். பிளேன்டி ஆறதுக்குள்ள வந்துருவேன்."

கால் மணி நேரத்தில் மாடு மட்டும் கழுத்தில் கயிறில்லாமல் தேயிலைக்குள்ளால் ஓடி வந்தது. அதன் பின்னாலேயே, பெரிய லொறி ஒன்று கல்லைக் கொட்டுவது போன்ற சத்தம் வந்தது. மண்டபத்திலிருந்து பார்த்தபோது, மலையில் லயம் இருந்த இடம் சிவப்பாக இருந்தது. பொன்னையாவை எடுக்க இரண்டு நாள் ஆனது.

ஒரு வாரம் கழித்துப் பணிப்பாளர் நிரஞ்சன் மூன்று வாகனங்களில் வந்தார். மண்டபத்தில் அவருக்கு நாற்காலி போட்டார்கள். முதலில் இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கச் சொன்னார். பிறகு முப்பது விநாடியே போதும் என்று உட்கார்ந்தார்.

"நடந்தது துயரம்," என்றார். "ஆனால் துயரத்தில் உண்மையை மறக்கக் கூடாது. ஏழாம் இலக்க லயம் பாதுகாப்பானது என்று எங்கள் நிரல் சொன்னது. அந்த லயத்தின் பதினான்கு வீடுகளிலும் எத்தனை பேர் இறந்தார்கள்? பூச்சியம். நிரல் சொன்னது நடந்திருக்கிறது."

"நாங்க எறங்கி வந்துட்டதால, சேர்," என்றார் அழகுமுத்து.

"அது உங்கள் சுயவிருப்பு. நிரல் உங்களை இறங்கச் சொல்லவில்லை."

"பொன்னையா?"

பணிப்பாளர் கோப்பைப் புரட்டினார். "அவர் இறந்தது மாட்டுக் கொட்டிலில். மாட்டுக் கொட்டில் நிரலில் இல்லை. அதையும் சேர்த்திருந்தால் முப்பத்தொன்றுக்குள் அடங்கியிருக்காது என்பது உங்களுக்கே தெரியும்."

ராசம்மா மண்டபத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவர் பேசுவது யாரைப் பற்றி என்று புரியாதவள் போல அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதிய வீட்டுக்கான காணிப் பட்டியலில் அந்தப் பதினான்கு குடும்பங்களின் பெயர்களும் இல்லை. பட்டியல் அபாய இடங்களிலிருந்து வெளியேறியவர்களுக்கு. இவர்கள் பாதுகாப்பான இடத்திலிருந்து வெளியேறியவர்கள். திரும்பிப் போகலாம் என்றார்கள். எங்கே என்று மீனம்மா கேட்டதற்கு, வந்திருந்த உத்தியோகத்தர் படிவத்தைப் பார்த்து, "ஏழாம் இலக்க லயத்துக்கு" என்றார்.

பதினாறாம் நாள் கருமாதிக்குப் பஸ்மிலா வந்தாள். ஒரு பையில் சீனியும் தேயிலையும் பிஸ்கட்டும் கொண்டுவந்து ராசம்மாவின் கையில் கொடுத்தாள். கொஞ்ச நேரம் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். பிறகு, வெளியே நின்ற அழகுமுத்துவிடம் வந்தாள்.

"அண்ணே, அத மாத்திட்டன்."

"அடைப்புக்குறி போட விட்டாங்களா?"

"இல்ல. அடைப்புக்குறி தேவைப்படல்ல. கடைசியில கெடந்த ஊறினதத் தூக்கி முன்னுக்குப் போட்டன், பக்கத்துல ஈந்த கூட்டலோட. அப்ப வலப்பக்கத்திலருந்து பார்த்தாலும் சரியா வரும். முப்பத்தொண்டும் அப்பிடியே ஈக்கி."

"சேருக்குத் தெரியுமா?"

"யாரு வாசிக்கிற? தகட்டுல பழசு ஈக்கி, மெசின்ல புதுசு ஈக்கி. நேத்தும் வந்த ஆக்களுக்குத் தகட்டத்தான் காட்டினாரு. இறம்பொடைப் பக்கம் ரெண்டு லயத்துக்கு நேத்து 'அ' போயிருக்கு. இறக்கிட்டாங்க."

அழகுமுத்து தலையை ஆட்டினார். நல்ல செய்திதான். தொப்பியைக் கழற்றி, அதன் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எம்புட்டு நேரம் ஆச்சு, மாத்த?"

பஸ்மிலா முந்தானையைத் தலைமேல் இழுத்து விட்டாள். "அஞ்சு நிமிஷம்."

"இப்படி மாத்தலாம்னு எப்ப தெரிஞ்சுச்சு?"

"அந்தக் கடிதம் தந்த அண்டைக்கு. வீட்டுக்குப் போற பஸ்ல." அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "சாவி என்னட்டத்தான் ஈந்திச்சு. வேல போயிடுமோண்டு நெனச்சன், அண்ணே. நாளைக்குப் பார்ப்பம், நாளைக்குப் பார்ப்பம் எண்டு நெனச்சன்."

அவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். திட்ட வேண்டும் போல இருந்தது. ஆனால் மலை சரிந்த அன்று காலை தாமும் எண்பத்தெட்டை அளந்து அனுப்பியது நினைவுக்கு வந்ததால் வாய் எழவில்லை. தலவாக்கலை பஸ்ஸின் ஹோன் கீழே கேட்டது. "பஸ் போயிரும் மிஸ்," என்றார். அவள் படியிறங்கிப் போனாள்.

ராசம்மா வெளியே வந்து பக்கத்தில் நின்றாள். "அந்தப் புள்ள என்னா சொல்லிட்டுப் போகுது? அழுதுக்கிட்டே போகுது."

"சரி பண்ணிட்டாங்களாம்."

"எத?"

அழகுமுத்து படிக்கட்டில் உட்கார்ந்தார். அவளையும் உட்காரச் சொன்னார். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் ஒன்றையும் விடாமல் முதலிலிருந்து சொன்னார். மழை என்றால் எது, வடிந்தது எது, ஊறியது எது, அந்த மொழி எந்தப் பக்கத்திலிருந்து எண்ணும், கூட்ட வேண்டியதை எப்படிக் கழித்தது, பொன்னையாவின் கைப்பேசியில் அன்று என்ன வந்தது, ஏன் வந்தது, யார் அளந்து அனுப்பியது, சாவி யாரிடம் இருந்தது, அதை எப்போது, எப்படி மாற்றினார்கள், எவ்வளவு நேரத்தில் மாற்றினார்கள். சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது.

முடித்த பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அஞ்சு நிமிசமா?"

"ஆமா," என்றார்.